கரடி எந்தக் கட்சி?

அக்டோபர் பிறந்துவிட்டால் இர்மா ஹெஸ் தன் பேக்கரியில் இரண்டு அச்சுகளைத் துடைத்து வெளியே எடுத்து வைப்பாள். ஒன்று கழுதை, இன்னொன்று யானை; அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளின் சின்னங்கள். கழுதைக் குக்கீக்கு மேலே நீலச் சர்க்கரைப் பூச்சு, யானைக்குச் சிவப்பு. குக்கீ ஒன்று வாங்கினால் ஓட்டு ஒன்று. ஓட்டுக்கு உச்சவரம்பு கிடையாது, வாங்குகிறவன் வயிறுதான் வரம்பு. கடை சாத்துகிற நேரத்தில் அன்றைய எண்ணிக்கையை இர்மா கரும்பலகையில் எழுதுவாள். ஷேல்பர்க் ஊரே வாசலில் நின்று கழுத்தை நீட்டும்.

அந்த வருஷம் வந்தது ஜனாதிபதி நாற்காலிக்குப் போட்டி இல்லாத இடைக்காலத் தேர்தல்தான். வாஷிங்டனுக்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் சமாசாரம். ஆனாலும் ஊருக்குள் சூடு குறையவில்லை. டை கட்டிய கணிப்புக்காரர்கள் எல்லாம் குப்புற விழுந்த வருஷங்களில்கூட இர்மாவின் குக்கீ மட்டும் தப்பாமல் சொன்னது என்று ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அதனால் குக்கீயில் தோற்றவன் தேர்தலில் பாதி தோற்ற மாதிரிதான்.

டெல்மர் கோவாலிக் கழுதைக்காரன். குவாரியில் முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக்கல் சுமந்தவன், தொழிற்சங்கத்து ஆள். அவன் தங்கை டோலியைக் கட்டிய வெர்ன் டிரெஸ்லர் யானைக்காரன். அதே குவாரியில் கல் உடைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறான். தினமும் டெல்மரின் பிக்கப் வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள், சேர்ந்துதான் வருவார்கள். போக இருபத்திரண்டு மைல், வர இருபத்திரண்டு மைல், நடுவில் சண்டை.

"உங்க ஆளு ஜெயிச்சா ஓடைப் பாலம் திறந்துடுமா மச்சான்?" என்று வெர்ன் ஆரம்பிப்பான்.

"பதினோரு வருஷமா அதை மூடி வெச்சது யாரு மாப்ளே? உங்க யானைதான் அதுமேல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

"யானை படுத்திருந்தா பாலம் எப்பவோ விழுந்திருக்கும். விழலையே! அப்ப என்ன அர்த்தம்? உங்க கழுதைதான் குறுக்க நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குதுன்னு அர்த்தம்."

"சரி, முட்டை வெல என்னாச்சு? அதுக்குப் பதில் சொல்லு."

"முட்டை போடுறது கோழி. வாஷிங்டனா முட்டை போடுது?"

"அதத்தானே நானும் சொல்றேன். உங்க ஆளு அங்க போய் முட்டைகூடப் போடல."

இப்படி ஒருநாள் ஏறிப் போன பேச்சுதான் பரணில் போய் முட்டியது.

குவாரிக்குப் பின்னால் மேட்டுக்காடு இருக்கிறது. அங்கே மான் வேட்டைக்குப் போக வேலைக்காரர்களுக்கு அனுமதி உண்டு. ஓர் ஓக் மரத்தில் டெல்மரும் வெர்னும் சேர்ந்து கட்டிய பரண் ஒன்று அங்கே நிற்கிறது. கட்டும்போது பெரிதாகத்தான் நினைத்துக் கட்டினார்கள். முடித்தபின் பார்த்தால் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆளின் முழங்காலுக்கு இடமில்லை. ஆகவே நவம்பர் கடைசியில், மான் சுட அனுமதிக்கிற இரண்டு வாரத் துப்பாக்கிப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை யார் பரணில் ஏறுவது என்று வருஷா வருஷம் காசு சுண்டிப் போடுவார்கள். வென்றவனுக்குப் பருவம் முழுக்கப் பரண். தோற்றவனுக்குக் கீழே பள்ளத்தில் ஈரக் கட்டை. ஆறு வருஷமாக வெர்ன்தான் மேலே. டெல்மரின் இடுப்பு ஆறு வருஷமாக ஈரத்தில்.

டெல்மருக்கு அந்தப் பரண் பெரிய விஷயம். வேலையிலும் வீட்டிலும் யாராவது ஒருத்தர் 'அதைத் தூக்கு, இதை நகர்த்து' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஏணி ஏறி உட்கார்ந்துவிட்டால் ஒரு குரல் எட்டாது. போதாக்குறைக்கு அந்தக் கோடையிலிருந்து பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் அந்த மேட்டில் திரிந்துகொண்டிருந்தது. குவாரியில் பாதிப் பேர் அதைக் கனவில் சுட்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் காசு வேணாம் மாப்ளே," என்றான் டெல்மர். "அந்தக் காசுக்கு ரெண்டு பக்கமும் தலைதான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்."

"அப்ப இர்மா பலகைய வெச்சுக்கலாம். யானை ஜெயிச்சா பரண் எனக்கு. கழுதை ஜெயிச்சா உனக்கு. சம்மதமா, இல்ல பயமா?"

"கையக் குடு."

ஓட்டுகிற வண்டியிலேயே கை குலுக்கினார்கள். வண்டி ஒரு தபால் பெட்டியை உரசிவிட்டு நேரானது.

அடுத்த நாளிலிருந்து டெல்மர் வேலை முடிந்து வருகிற வழியில் இரண்டு டஜன் கழுதை வாங்கினான். பின்னாலேயே வெர்ன் மூன்று டஜன் யானை வாங்கினான். மறுநாள் இவன் நாலு. பலகையில் இரண்டும் ஜோடி மாடு மாதிரி ஓடின. ஓட்டுப் போடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. போட்ட ஓட்டை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம்.

டெல்மருக்குச் சர்க்கரை வியாதி. வசந்தத்தில் டாக்டர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, அவனைப் பார்க்காமல் அவன் பெண்டாட்டி வெல்மாவைப் பார்த்துப் பேசினார். அன்றிலிருந்து வெல்மா ஜாம் பாட்டிலுக்குப் பூட்டுப் போட்டாள். "இந்தா பாரு, இந்த வாசப்படிக்குள்ள ஒரு குக்கீ வந்துச்சுன்னா, குக்கீ உள்ள இருக்கும், நீ வெளிய இருப்ப," என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

குவாரியில் கொடுத்துப் பார்த்தான். யானைக்காரர்கள் கழுதையைத் தொட மாட்டேன் என்றார்கள். கழுதைக்காரர்கள் ஏற்கெனவே தங்கள் ஓட்டைத் தின்று நீல நாக்கோடு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நாய்க்குப் போட்டான். நாய் ஒரு டஜன் தின்றது. அதற்குப் பிறகு அரை நாள் வண்டியின் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணுக்கு எதிரே வளர்ந்த கிளைகளை வெட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பெயின்ட் வாளி நிறையக் குக்கீயோடு காட்டுக்குப் போனான். பரணிலிருந்து அறுபது அடி தள்ளி ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்தான்.

தீனி போட்டு மான் சுடக் கூடாது என்பது பென்சில்வேனியாவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். டெல்மருக்கும் தெரியும். ஆனால் நான் போடுவது தீனி இல்லையே, ஓட்டுதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டான். ஓட்டை எண்ணி முடித்தபின் சீட்டு எங்கே கிடந்தால் என்ன? பருவம் தொடங்குவதற்குள் எல்லாம் மட்கிவிடும். மட்காவிட்டால்தான் என்ன, பரணுக்கு வரப்போவது நான்தானே. மான்களுக்கு இடம் பழகியிருந்தால் பாவமா? இந்தக் கடைசி நினைப்பை அவன் மனசின் ஓரத்தில், வெல்மா கண்ணில் படாத மாதிரி வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் 'கிளை வெட்டப்' போனான். வெட்ட ஒரு கிளைகூட மிச்சமில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் திங்கட்கிழமை, பேக்கரியில் நிற்க இடமில்லை. இர்மாவின் கை மணிக்கட்டு வரை ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. வெர்ன் கடைசி ஆறு டஜனை அள்ளினான். அவனுக்குப் பின்னால் நின்ற டெல்மர் ஏழு டஜன் கேட்டான்.

"ஆறரைதான் இருக்கு. நீலப் பொடி தீந்துபோச்சு," என்றாள் இர்மா.

"பூச்சு இல்லாமலே குடு அக்கா. கழுதை கழுதைதானே?"

"அம்மணக் கழுதை செல்லாது!" என்று வெர்ன் கத்தினான். "சட்டமிருக்கு!"

"எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு, காட்டு மாப்ளே!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் இர்மா. "ஆறரை டஜன். எடுத்தா எடு, இல்லன்னா வரிசைய விடு."

டெல்மர் எடுத்தான். சாயங்காலம் பலகையில் சாக்கட்டி கீச்சிட்டது. கழுதை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. யானை இரண்டாயிரத்து முந்நூற்று ஒன்பது. டெல்மர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான், அது மின்விசிறியில் மாட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றியது.

மறுநாள் நிஜ ஓட்டை எண்ணினார்கள். யானைக் கட்சியின் ஆள் ஜெயித்துவிட்டார். இர்மாவின் குக்கீ முதல்முறையாகப் பொய் சொன்னது. "திங்காம வாங்கினவன் எவனோ இருக்கான். திங்காத ஓட்டு கள்ள ஓட்டு," என்று இர்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். டெல்மர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். பக்கத்தில் வெர்னும் எதற்கோ குனிந்தான்.

வண்டியில் வெர்ன் விடவில்லை. "நாடே எங்க பக்கம் மச்சான். பரணும் எங்க பக்கம்தான்."

"பந்தயம் நாட்டுமேலயா கட்டுன? குக்கீமேல கட்டுன. உனக்கு வாஷிங்டன், எனக்குப் பரண். நல்ல பங்கு. எனக்குக் குறையில்ல."

அந்த எட்டு நாளும் டெல்மர் சுமந்த கல் பஞ்சாக இருந்தது.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை, படைவீரர்களுக்கான விடுமுறை. பேக்கரியில் காலைக் காப்பிக் கூட்டம். பச்சைச் சீருடையில் வேட்டைக் காவல் அதிகாரி பிரிஜெட் நோல் உள்ளே வந்தாள். சின்ன வயசு, ஆனால் சிரிப்பு என்பதைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்காதவள். கண்ணாடி அலமாரிமேல் ஒரு புகைப்படத்தை வைத்தாள். மேட்டுக்காட்டில் மரத்தில் கட்டிவைத்த கேமரா எடுத்த படம். அதில் ஒரு கருங்கரடி. மூக்கிலிருந்து காது வரைக்கும் நீலம்.

யாரோ மேசையைத் தட்டினார்கள். "பாத்தீங்களா! கரடிகூட நம்ம கட்சி!"

பிரிஜெட் இரண்டாவது படத்தை வைத்தாள். அதே கரடி, வாயில் சிவப்பு யானை.

"ராத்திரி கழுதை, விடிஞ்சதும் யானை! புத்தி வந்துடுச்சு கரடிக்கு!"

"மொதல்ல தின்னது எது? நேரம் போட்டிருக்கா பாரு!"

"ரெண்டையும் தின்னா அது சுயேச்சைப்பா!"

"சுயேச்சையா? கைநீட்டி வாங்குற கரடி! ரெண்டு பக்கமும் வாங்கிட்டுக் கடைசில எவனுக்குப் போட்டுச்சோ!"

"கரடிக்கு ஓட்டு கிடையாது," என்றாள் பிரிஜெட். "இது யாரு போட்ட தீனி, அதச் சொல்லுங்க."

டெல்மர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூன்றாவது படத்தை வைத்தாள். பத்துக் கிளைக் கொம்புக் கலைமான், கொம்பின் ஒரு கிளையில் பாதிக் குக்கீ குத்தி நிற்கிறது. நாலாவது படத்தில் வெர்ன். யானைக் குக்கீ நிறைந்த கோதுமை மாவுச் சாக்கை ஓடை ஊற்றுப் பக்கம் கவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.

டெல்மருக்கு அடக்க முடியவில்லை, தொடையில் அடித்துச் சிரித்தான். "மாட்டுனியா மாப்ளே! வாங்கி வாங்கித் திங்கிறன்னு நெனச்சேனே!"

"புதுப் பல்செட்டு மச்சான்," என்றான் வெர்ன் பரிதாபமாக. "ஒரு கடி கடிச்சா பல்லு யானையோட போயிடுது. டோலிகிட்ட சொன்னா காசக் கரியாக்குறன்னு திட்டுவா."

"அய்யோ, அய்யோ!" என்று டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்தாவது படத்தைப் பிரிஜெட் அவன் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். பெயின்ட் வாளி தெளிவாகத் தெரிந்தது. ஆளும்தான்.

"கள்ள ஓட்டு!" என்றாள் இர்மா, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து.

"இந்தத் தடவ எச்சரிக்கையோட விடுறேன்," என்றாள் பிரிஜெட். "ஆனா சட்டம் சட்டம்தான். அந்த எடத்துல கடைசித் துணுக்க அள்ளின நாள்லருந்து முப்பது நாளைக்கு யாரும் வேட்டையாட முடியாது."

டெல்மர் விரல்விட்டு எண்ணினான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பருவம் தொடங்கும் சனிக்கிழமை போயிற்று. அடுத்ததும் போயிற்று. ஆனால் இன்றைக்குள் அள்ளிவிட்டால் முப்பது நாள் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடியும். அதற்கு மறுநாள் சனிக்கிழமைதான் பருவத்தின் கடைசி நாள்.

"இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள அள்ளிட்டா, மேடம்?"

"நான் வந்து பாத்துச் சரின்னு சொன்னா, இன்னிக்கித் தேதி போடுறேன். ஒரு துணுக்கு கெடந்தாலும் நாளைக்கித்தான்."

காட்டில் போய்ப் பார்த்தபோதுதான் வேலையின் அளவு தெரிந்தது. வெர்னின் குவியல் ஊற்றுப் பக்கத்து மேட்டில், டெல்மரின் குவியல் சரிவில். கரடியும் மானும் அணிலும் தின்றது போக மிச்சம் இலைச்சருகு முழுக்க இறைந்து கிடந்தது. முதலில் நன்றாகத்தான் போயிற்று. அவனவன் கட்சியை அவனவன் பொறுக்கினான். மூன்று மணிக்கு மேடும் சுத்தம், சரிவும் சுத்தம். நடுவில் ஒரு பள்ளம் மட்டும் பாக்கி. போன வாரத்து மழையில் மேலே இருந்த சிவப்பு கரைந்து கீழே வந்து நீலத்தோடு சேர்ந்திருந்தது. பள்ளம் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கூழ்.

"இது உன்னோடது மச்சான்."

"எப்படி? செவப்பு கலந்திருக்குல்ல?"

"கலந்திருக்கு. ஆனா கெடக்கிறது உன் தொகுதில."

"எல்லை தாண்டி வந்தது உன் ஆளு. நீயே கூட்டிட்டுப் போ."

"இத நான் தொட்டேன்னா நீலத்தையும் தொட்ட மாதிரி ஆயிடும். எங்க அப்பா கல்லறைல திரும்பிப் படுப்பாரு."

வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்திருந்த பிரிஜெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு இருபது. அஞ்சுக்கு இருட்டிடும். சும்மா சொன்னேன்."

இரண்டு பேரும் பள்ளத்தின் இரு கரையில் கைகட்டி நின்றார்கள். நாலரை ஆயிற்று. பாலத்தைப் பற்றிப் பேசினார்கள். முட்டையைப் பற்றிப் பேசினார்கள். நாலே முக்காலுக்கு ஓக் மரத்தின் நிழல் நீண்டு வந்து டெல்மரின் பூட்ஸில் விழுந்தது. அவன் நிமிர்ந்து பரணைப் பார்த்தான். ஆறு வருஷத்து ஈரக் கட்டை இடுப்பில் சுருக்கென்றது. கட்சியாவது கழுதையாவது என்று முட்டி போட்டான். குவாரியில் கல்பொடி வாருகிற வாக்கில் இரண்டு கையாலும் கூழை வாரி வாளியில் போட்டான்.

"ஏய், ஏய்! செவப்பத் தொடாத!"

"தொடுவேன். எல்லா யானையும் இனிமே எனக்குத்தான்."

வெர்னுக்குப் பொறுக்கவில்லை. கழுதைக்காரன் கையில் ஒரு துளி சிவப்பும் போய்விடக் கூடாது என்று அவனும் குதித்தான். இவன் ஒரு கை வாரினால் அவன் இரண்டு கை வாரினான். முட்டி முட்டி, தலையும் தலையும் மோதி, முழங்கை வரை கத்தரிக்காயாகி, பத்து நிமிஷத்தில் பள்ளத்தின் கறுப்பு மண் தெரிந்தது.

பிரிஜெட் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து சுற்றி வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். பெரிய உருண்டை ஒன்று, அதில் நீலமும் சிவப்பும் வரிவரியாக.

டெல்மர் வாளியோடு ஓடிவந்தான். "மேடம், அது..."

"இது கரடியோட சொந்தச் சொத்து. விடுங்க," என்று சொல்லிவிட்டுத் தாளில் தேதி போட்டாள்.

பருவம் தொடங்கிய சனிக்கிழமை ஊரே வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனது. டெல்மர் வீட்டுக்கூரையின் தண்ணீர்த் தகரத்தைச் சுத்தம் செய்தான். தூரத்தில் ஒவ்வொரு வெடிச் சத்தம் கேட்டபோதும் ஏணியில் ஒரு படி இறங்கி நின்று, பத்துக் கிளைக் கொம்பை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டான். ஆனால் அந்தக் கலைமானை யாரும் சுடவில்லை. அது வேட்டைக்கு மூடிவைத்த இடத்தைவிட்டு வெளியே கால் வைக்கவில்லை என்று குவாரியில் பேசிக்கொண்டார்கள்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பனி கணுக்கால் வரை. விடிவதற்கு முன்பே டெல்மர் பரணில் ஏறிவிட்டான். வெர்ன் கீழே தூரத்துப் பள்ளத்தில், ஈரக் கட்டையில். முப்பத்தொரு வருஷத்தில் டெல்மர் இவ்வளவு அமைதியான ஒரு காலையைப் பார்த்ததில்லை. கிளையிலிருந்து பனி உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

வெளிச்சம் வந்ததும் மான்கள் வந்தன. முதலில் பெண் மான் ஒன்று, பின்னால் இரண்டு, அப்புறம் ஐந்து. அவை விழுந்த மரத்துக்குப் பின்னால் போய் முகர்ந்தன. ஒன்றும் இல்லை. ஊற்றுப் பக்கம் போயின. அங்கேயும் இல்லை. பிறகு எல்லாம் நேராகப் பரணுக்குக் கீழே வந்து நின்றன, தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன. தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாக வந்து கொடுத்தவன் அப்புறம் வழியில் எதிர்ப்பட்டால் ஜனங்கள் பார்க்கிற பார்வை அது. திட்டுகிற பார்வை இல்லை. 'என்னாச்சு, வரலியே?' என்று விசாரிக்கிற பார்வை.

கடைசியாகப் பத்துக் கிளைக் கொம்பு புதரை விலக்கிக்கொண்டு வந்தது. டெல்மர் மூச்சைப் பிடித்துத் துப்பாக்கியைத் தூக்கினான். கலைமான் ஒரு கணமும் தயங்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, பரணின் பலகைக்கு நேர் கீழே நின்றது. சுடுவதென்றால் தன் இரண்டு பூட்ஸுக்கு நடுவே சுட வேண்டும். பலகை இடுக்கில் கொம்பின் நுனி தெரிந்தது.

அவன் நகர்ந்தான், அதுவும் நகர்ந்தது. இந்தப் பக்கம் குனிந்தான், அதுவும் வந்தது.

"போங்க," என்று டெல்மர் கிசுகிசுத்தான். "தேர்தல் முடிஞ்சுபோச்சு. உங்க ஆளு வேற, அந்தப் பள்ளத்துல இருக்கான். ஜெயிச்சவன் அவன்தான். அவன்கிட்டப் போய்க் கேளுங்க."

ஒன்றும் அசையவில்லை. கலைமான் மட்டும் ஒருமுறை மூக்கால் காற்றைச் சீறிவிட்டு, முன்னங்காலைத் தூக்கி ஏணியின் முதல் படியில் வைத்தது.